நடுவில் இருக்கிற முகம்

முதலில் அந்தப் பேனாவை மூடி வை கண்ணு. நீ எழுத ஆரம்பித்தால் எனக்கு வாய் குளறிவிடும். இதை நான் தப்பாகத்தான் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்வேன், சொல்லவே கூடாததை முதலில் சொல்வேன். ஏழாவதோடு என்னைத் தறிப்பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். கோர்வையாகப் பேச அங்கே யார் சொல்லித் தருகிறார்கள்? தறி ஓடுகிற சத்தத்தில் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கும். அதனால் நான் சும்மா பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். உன்மேல் கோபம் இல்லை. நீ இன்றைக்குத்தான் வந்திருக்கிறாய், உன்மேல் என்ன கோபம்?

ஆனால் நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று எழுத, அது எங்கேயோ போய் யார் தலையிலோ விடியும். ஒரு தடவை அப்படி விடிந்தது போதும்.

நீ என்ன கேட்டாய்? "முழங்கால் வலி எவ்வளவு இருக்குதுங்கம்மா, பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க." அதைத்தானே? சொல்கிறேன். சொல்லாமல் உன்னை அனுப்ப மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியோடு வந்த முதல் ஆள் நீ இல்லை. உங்கள் நர்ஸிங் காலேஜ் பஸ் இந்த ஊருக்குள் வர ஆரம்பித்ததிலிருந்து என் முழங்காலுக்கு ஓய்வு கிடையாது. வெந்நீர் வாளியில் காலை வைக்கச் சொல்லி ஒருத்தி வந்தாள். கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து விடச் சொன்னாள் ஒருத்தி. நான் அப்படியே தூங்கிப்போனேன், அதையும் எழுதிக்கொண்டு போனாள். கடைசி வருஷத்தில் ஆளுக்கொரு ஆராய்ச்சி செய்தால்தான் பாஸ் என்கிறீர்கள். ஆராய்ச்சிக்கு முழங்கால் வேண்டும். பட்டறைத் தெருவில் முழங்காலுக்கு என்ன பஞ்சம்? நாள் முழுக்க நின்றுகொண்டு தறிக்கு நூல் தார் சுற்றுகிற பெண்கள்தானே எல்லோரும்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் இந்துமதி. நீ பார்த்திருப்பாய், உங்கள் காலேஜ் ஆஸ்பத்திரியில்தான் நர்ஸாக இருக்கிறாள். கொல்லிமலைப் பெண். ஒல்லியாக இருப்பாள், தலையில் எண்ணெய் வழிய வழிய வாரியிருப்பாள். அவள் முட்டைக்கோஸ் இலையோடு வந்தாள்.

சிரிக்காதே. நானும் அன்றைக்குச் சிரித்தேன். ஐஸ் பெட்டியைத் திறந்தால் உள்ளே கோஸ் இலை. "இதென்ன கண்ணு, பொரியலுக்கா?" என்றேன். "இல்லீங்கம்மா, முழங்கால்ல கட்டறதுக்கு. வெளிநாட்டுல எல்லாம் கட்டிப் பாத்திருக்காங்க, வீக்கம் வடியுமாம்" என்றாள். பூரிக்கட்டையால் இலையை ஒரு உருட்டு உருட்டி, நரம்பை நசுக்கி, முழங்காலைச் சுற்றி வைத்து, மேலே துணியைக் கட்டுவாள். கட்டிவிட்டு எழுந்து போக மாட்டாள். என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். இலை நழுவாமல் இருக்கக் கையால் பிடித்துக்கொண்டே தன் ஊர்க் கதையைச் சொல்வாள். அம்மா மிளகு பறிக்கப் போகிறது, பலாப்பழம் விழுந்து கொட்டகைக் கூரை பிய்ந்தது, இவள்தான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மலையை விட்டு இறங்கிப் படிக்க வந்தவள், இப்படி.

எங்கள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். வந்தால் தூக்கம், எழுந்தால் டீசல், போனால் போன் வராது. என் காலை ஒருவர் தொட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கே ஞாபகம் இல்லை. இதையெல்லாம் நீ எழுதக் கூடாது.

முதல் நாள் அவள் அட்டையை நீட்டினாள். நீ வைத்திருக்கிறாயே, அதே மாதிரி அட்டைதான். ஒரு ஓரத்தில் சிரிக்கிற முகம், இன்னொரு ஓரத்தில் அழுகிற முகம், நடுவில் வாயை நேராக வைத்துக்கொண்டு ஒன்று, அடியில் வரிசையாக நம்பர். நான் எட்டு என்றேன். அது நிஜமான எட்டு.

அப்புறம் தினமும் வந்து இலை கட்டினாள். கடைசி நாள் மறுபடி அட்டையை நீட்டி, "இப்போ எத்தனைங்கம்மா?" என்று கேட்டாள். நான் காலை நீட்டிப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன். அவள் பிடித்திருந்தபோது நன்றாகத்தான் இருந்தது. இலையை எடுத்ததும் வலித்தது. இல்லை, கையை எடுத்ததும் வலித்தது. எதை எடுத்ததால் என்று எனக்கு எப்படித் தெரியும்? நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பெண் என் காலை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறாள். முடிவு சரியாக வரவில்லை என்றால் அப்போதிருந்த மேடம் திட்டுவார்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொல்வார்கள் என்று முந்தின நாள்தான் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

"மூணு" என்றேன்.

அட்டையில் முதலாவதாக ஒரு முகம் இருக்கிறதே, அதை அப்படியே அவள் முகத்தில் பார்த்தேன்.

நீயே சொல், இது பொய்யா? விருந்துக்குக் கூப்பிட்டு, இலை போட்டுப் பரிமாறிவிட்டு, குழம்பு எப்படி என்று கேட்கிறார்கள். உப்பு குறைச்சல் என்றா சொல்வோம்? நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வோம். அந்த மாதிரிதான் இது. இதற்குப் போய் இவ்வளவு பாடுபடுத்துவார்களா?

தெருவில் மற்றவர்களிடமும் நான்தான் சொல்லி வைத்தேன். "அந்தப் புள்ள பாஸாகோணும், எல்லாரும் கொறஞ்சிருச்சுன்னே சொல்லுங்கடி. அதுக்குன்னு எல்லாருமே மூணுன்னு சொல்லி வெக்காதீங்க, ஒருத்தி நாலுன்னு சொல்லுங்க, ஒருத்தி ரெண்டுன்னு சொல்லுங்க." அவ்வளவு யோசித்துச் செய்தேன். படிக்காதவள் என்றாலும் எனக்கு ஒரு நிதானம் உண்டு.

இதில் கீழ்த்தெருக்காரிகளால்தான் வம்பு வந்தது. அங்கே என் ஓரகத்தி ருக்குமணி இருக்கிறாள், என் கொழுந்தன் பெண்டாட்டி. இந்துமதி எங்கள் தெருவுக்கு மட்டும் இலை கட்டினாள். கீழ்த்தெருவில் போய் வெறுமனே நம்பர் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுவாள். அது அப்படித்தான் செய்ய வேண்டுமாம். ஒரு கூட்டத்துக்கு இலை, இன்னொரு கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை, கடைசியில் இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டுமாம். ருக்குமணி சும்மா இருப்பாளா? குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏனக்கா, உங்க தெருவுக்குன்னா எலை, எங்க தெருவுக்குன்னா வெறும் கேள்வியா? எங்க காலு என்ன கட்டைல செஞ்சதா?"

ஊருக்குள் ஒரு காரியம் நடக்கிறபோது ஒரு தெருவுக்குக் கொடுத்து ஒரு தெருவை விட்டால் நாளைக்கு முகத்தில் விழிக்க முடியுமா? எல்லாம் என் வீட்டு வாசலில் நடக்கிற காரியம், பேர் கெடுவது எனக்குத்தான். அதனால் இந்துமதி மிச்சம் வைத்துவிட்டுப் போகிற இலையைச் சாயங்காலம் கீழ்த்தெருவுக்குக் கொடுத்து அனுப்பிவிடுவேன். சில பேர் கட்டினார்கள், சில பேர் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தார்கள், அது அவரவர் இஷ்டம். "ஆனா அந்தப் புள்ள வந்து கேட்டா, வலி அப்படியேதான் இருக்குதுன்னு சொல்லீருங்க" என்று மட்டும் சொல்லியிருந்தேன். "எலை கட்டாதவங்களுக்கு வலி அப்படியே இருக்கும்மா" என்று இந்துமதிதான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அவள் எதிர்பார்க்கிறபடியே நடக்கட்டும் என்று பார்த்தேன். ஒருவருக்கும் மனக்குறை இல்லாமல் முடித்துக் கொடுத்தேன். வேறு யாராவது இவ்வளவு செய்வார்களா?

அந்த ஆராய்ச்சிக்குக் காலேஜில் முதல் பரிசு கொடுத்தார்கள். ஏதோ புஸ்தகத்தில் அச்சாகி, கம்ப்யூட்டரிலும் ஏற்றினார்களாம். இந்துமதி பால்கோவாவும் கேடயமும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். கேடயத்தை என் கையில் கொடுத்து போட்டோ எடுத்தாள். ஆஸ்பத்திரியில் வேலையும் அப்போதுதான் கிடைத்தது. மேற்கொண்டு படிக்கவும் காலேஜே அனுப்புவதாகச் சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் நிற்க விடமாட்டாள், "எங்கம்மா மாதிரி" என்று சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவாள். அத்தோடு எல்லோரும் விட்டிருக்கலாம். எல்லாம் நன்றாகத்தானே இருந்தது?

விடவில்லை. போன ஆடியில் உங்கள் காலேஜுக்கு ஆக்னஸ் மேடம் வந்து சேர்ந்தார்கள்.

உனக்கும் அவர்கள்தானே வகுப்பு எடுக்கிறார்கள்? அதுதான் நீ அட்டையை நீட்டும்போதே என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாய். சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் நாகர்கோவில் பக்கம். பேச்சே ஒரு மாதிரி இழுவையாக இருக்கும். நல்ல மனுஷிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சில பேருக்கு நன்றாக இருக்கிற துணியில் நூலைப் பிடித்து இழுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

அன்றைக்கு மழை தூறியது. வீடு வீடாகப் போக முடியாமல் எல்லாப் பிள்ளைகளையும் என் வீட்டை ஒட்டின அங்கன்வாடியில் உட்கார வைத்து அங்கேயே வகுப்பு நடத்தினார்கள். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன். அதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்புறம் நடந்ததற்கு அந்த டீக்காவது மரியாதை இருந்திருக்க வேண்டும்.

"ஒரு ஆராய்ச்சியத் தேடிக் கண்டுபிடிச்சாச்சுன்னா பாதி வேலைதான் பிள்ளைகளா முடிஞ்சிருக்கு. கிடைச்சத நம்பலாமா, வேண்டாமான்னு பாக்கதுதான் மீதி வேல" என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கிடைத்ததைச் சந்தேகப்படுவதற்கு ஒரு பாடமா? அதற்கு ஒரு மாமியார் போதுமே.

"எடுத்த உடனே முடிவப் படிக்கப்பிடாது. முடிவு நல்லாத்தான் எழுதியிருக்கும். யாருட்ட கேட்டாங்க, யார விட்டாங்க, எப்படி அளந்தாங்க, அத மொதல்ல படி. அதுல மனசு ஒப்புச்சுன்னா முடிவுக்குப் போ." சொல்லிவிட்டு, "முழங்கால் வலின்னு தேடிப் பாருங்க, என்ன வருது?" என்றார்கள்.

எல்லாரும் போனை எடுத்துக்கொண்டார்கள். உள்ளே சிக்னல் இல்லை. பர்வீன் என்று ஒரு வாயாடிப் பெண், துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வாசல் தூறலில் போய் நின்று தேடினாள். அங்கிருந்தே கத்தினாள். "மேடம், முட்டைக்கோஸ் இலைன்னு ஒண்ணு வருது மேடம்! அட, நம்ம காலேஜ்தான் மேடம்! இந்துமதி அக்கா பண்ணினது!"

பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"நல்லது. இத எடுத்துச் சொல்லி வேற எத்தன பேரு எழுதியிருக்காங்கன்னு பாரு" என்றார்கள் மேடம். அவள் பார்த்தாள். நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். மதுரையில் ஒருத்தர், ஆந்திராவில் ஒருத்தர், இன்னும் எங்கெங்கேயோ. "மேடம், எல்லாத்துலயும் அதே ஒரு வரிதான் மேடம் இருக்குது. ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதுன மாதிரி. உள்ள தொறந்து படிச்ச மாதிரியே தெரியல." எல்லாரும் சிரித்தார்கள். மேடம் மட்டும், "அப்ப நாம தொறந்து படிப்போம்" என்றார்கள்.

பர்வீன் உள்ளே வந்து போனை நடுவில் வைத்தாள். அதில் ஒரு போட்டோ இருந்தது. இலை கட்டின ஒரு முழங்கால். முகம் இல்லை, பேர் இல்லை, ஊர்கூட இல்லை, ஒரு கிராமம் என்று மட்டும் போட்டிருந்ததாம். ஆனால் முழங்காலுக்குக் கீழே வெந்நீர் கொட்டின தழும்பு இருந்தது.

"அது என்ற காலு!" என்றேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்படி நினைக்காதே. ஆந்திரா வரைக்கும் போயிருக்கிறதே என்று ஒரு இதுதான். என் கால் என்று சொல்வதில் என்ன தப்பு இருக்கிறது?

மேடம் நிமிர்ந்து பார்த்தார்கள். என் கையிலிருந்த டம்ளர்த் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னார்கள். "பாருங்க பிள்ளைகளா, இப்படி யாருக்கும் வாய்க்காது. படிச்ச ஆராய்ச்சில உள்ள ஆளே வந்து உக்காந்திருக்காங்க" என்றார்கள். எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் முன்னால் உட்கார வைத்ததில்லை.

"அம்மா, இலை கட்டுன பிள்ளையேதான் வலி எத்தனன்னும் கேட்டாளா?"

"ஆமாங்க, வேற யாரு கேப்பாங்க?"

பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். எழுதினார்கள்.

"நீங்க மூணுன்னு சொன்னப்ப அவ எதுத்தாப்பிலதான் இருந்தாளா?"

"என் காலு அவ மடியிலதானுங்க இருந்துச்சு."

மறுபடி எழுதினார்கள். என்ன எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நல்ல பதிலாகச் சொல்கிறேன் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து ருக்குமணி கரண்டியோடு வந்துவிட்டாள். அந்த அங்கன்வாடியில் ஆயாவாக இருப்பது அவள்தான். அதைச் சொல்ல மறந்துவிட்டேன் பார், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு பெண் அந்தக் கட்டுரையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள், இன்னொரு தெருவில் உள்ளவர்களுக்கு இலை கொடுக்கவில்லை, அவர்களுக்கு வலியில் மாற்றம் இல்லை என்று.

"யாரு, எங்க தெருவுலயா? எலையே குடுக்கலன்னா போட்டிருக்குது?" என்றாள் ருக்குமணி. "நல்லா இருக்குதே நாயம்! எத்தன நாளு பொரியல் பண்ணித் தின்னோம், கேளுங்க எங்கக்காவ! அவதான பையில போட்டுக் குடுத்து விட்டா. கேட்டா அப்படியே இருக்குதுன்னு சொல்லோணும்னு சத்தியம் வாங்காத கொறையாச் சொல்லிவிட்டா."

கட்டடமே அதிர்கிற மாதிரி சிரித்தார்கள் கண்ணு. பர்வீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மேடம், இவங்க ஆராய்ச்சிய சாப்பிட்டுட்டாங்க மேடம்!" என்றாள். என் டீயைக் குடித்துவிட்டு என் முன்னாலேயே சிரித்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. "போதும்" என்று பிள்ளைகளை அதட்டினார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல தப்பு உங்க மேல இல்லம்மா. கேட்ட முறையிலதான் தப்பு. கட்டுனவளே வந்து கேட்டா, யாருக்குமே அவ முகத்தப் பாத்து குறையலன்னு சொல்ல வராது" என்றார்கள்.

அந்தப் பேச்சுத்தான் எனக்குத் தாங்கவில்லை. என் மேல் தப்பு இல்லையாம். அப்படியென்றால் நான் யோசித்து யோசித்துச் செய்ததெல்லாம் ஒன்றுமே இல்லையா? யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்களா? நான் அந்தப் பெண்ணுக்காகச் சொன்னேன். வேறு ஒருத்திக்குச் சொல்லியிருக்க மாட்டேன். அதை எந்தக் கட்டுரையில் எழுதுவார்கள்?

பிள்ளைகள் பஸ்ஸில் ஏறின பிறகு மேடத்தைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன். "இந்துமதிக்கு என்னங்க ஆகும்?" என்றேன். அதுதான் எனக்குப் பயம். வேலை போய்விடுமா, பட்டத்தைப் பிடுங்கிக்கொள்வார்களா, போலீஸ் வருமா, ஒன்றும் தெரியாதே எனக்கு.

"போலீஸெல்லாம் வராது. அவகிட்ட சொல்லணும். அவளே எழுதிக் குடுத்து அந்தக் கட்டுரைய எடுத்திரச் சொல்லலாம்."

"நீங்க கேக்காத மாதிரி விட்ரலாமில்லைங்க? மழைக்கு ஒதுங்கின எடத்துல நாலு வார்த்த பேசினோம், அவ்வளவுதானுங்களே. கோஸ் எலைதானுங்க. வெசமா அது?"

"விஷம் இல்லம்மா. ஆனா வலி எதனாலன்னு பாக்காம, இதக் கட்டுனா குறையும்னு நம்பி யாராவது உக்காந்திருந்தா?"

"யாருங்க உக்காந்திருக்கப் போறா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை இந்துமதி வந்தாள். யூனிபார்ம் இல்லை, சாதாரணச் சுடிதார். நான் சுக்குக் காபி வைக்க எழுந்தேன். "வேண்டாங்கம்மா, உக்காருங்க" என்றாள். எப்போதும் கீழே உட்காருகிறவள், அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் சொல்லி, கட்டுரைய எடுத்திரச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன். கேடயத்தையும் திருப்பிக் குடுத்துட்டேன்" என்றாள். வேலையில் ஒன்றும் இல்லையாம். மேற்படிப்புக்கு அனுப்புவதைத்தான் இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். "பரவாயில்லீங்கம்மா" என்றாள். பரவாயில்லை என்று சொல்கிற முகமா அது?

"நான் உனக்காகத்தான கண்ணு சொன்னேன்" என்றேன்.

"தெரியுங்கம்மா."

அப்புறம்தான் சொன்னாள். அவள் அம்மாவுக்குப் போன வருஷம் முழங்கால் வீங்கியிருக்கிறது. மலையிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரிக்கு வர அந்தம்மா யோசித்திருக்கிறது, மிளகு பறிக்கிற நேரம் வேறு. "நான்தான் போன்ல சொன்னேன். கோஸ் எலை கட்டும்மா, எட்டு இருந்தது மூணாச்சும்மா, என் கண்ணால பாத்தேன்னு சொன்னேன். மூணு மாசம் கட்டிட்டு உக்காந்திருந்துச்சு. அப்புறம் தூக்கிட்டு வந்து படம் எடுத்தா மூட்டுக்குள்ள டி.பி. இப்போ கால மடக்க வரல. மருந்து சாப்புடுது. மரம் ஏற முடியாது, எறக்கத்துல நடக்க முடியாது."

டி.பி.க்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நானா அந்தம்மாவிடம் கட்டச் சொன்னேன்? அந்தம்மா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நான் சொன்னது ஒரு நம்பர். ஒரே ஒரு நம்பர். அது இந்த வாசலை விட்டு இறங்கி, பஸ் ஏறி, அவ்வளவு மலை ஏறி யார் வீட்டுக்கோ போகும் என்று யார் கண்டது? அவளாவது படித்தவள், அவள் யோசித்திருக்க வேண்டாமா? பரிசு கொடுத்தவர்கள் யோசித்திருக்க வேண்டாமா? ஆந்திராக்காரர் யோசித்திருக்க வேண்டாமா? எல்லாருமாகச் சேர்ந்து படிக்காதவள் ஒருத்தியின் வாயைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார்கள். அதற்கு நான் என்ன செய்வது?

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. மனசுக்குள்தான்.

போகும்போது அவள் என் காலைப் பார்த்தாள். சேலைக்கு மேலேயே வீக்கம் தெரிந்திருக்கும். கீழே குனிந்து, அப்போதெல்லாம் பார்ப்பாளே அதே மாதிரி, கட்டை விரலால் முழங்காலின் ஓரத்தை அழுத்தினாள். எனக்கு உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இப்போ எத்தனைங்கம்மா? எனக்காகச் சொல்லாதீங்க. நெசமாச் சொல்லுங்க."

அந்த அட்டை அவளிடம் இல்லை. ஆனால் என் கண்ணுக்குள் இருந்தது. குறைத்துச் சொன்னால் அது எங்கே போய் யாரை முடக்குமோ. கூட்டிச் சொன்னால், இலை கட்டியும் இப்படி ஆகிவிட்டது என்று அதையும் எழுதிக் கொடுத்து இன்னும் என்னென்ன பண்ணிக்கொள்வாளோ. இந்தப் பக்கம் சிரிக்கிற முகம், அந்தப் பக்கம் அழுகிற முகம். நடுவில் ஒரு முகம் இருக்கிறது, வாய் நேராக ஒரு கோடு. அது யாருக்கும் நல்லது செய்யாது, கெடுதலும் செய்யாது.

"அஞ்சு" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. "திங்கக்கெழம எலும்பு டாக்டர் வராருங்கம்மா. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். போகவில்லை. போனால் அங்கேயும் முதலில் அந்தக் கேள்வியைத்தானே கேட்பார்கள்? படம் எடுத்தால் படத்தில் ஒன்று வரும், நான் சொன்னது ஒன்று இருக்கும். மறுபடி என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சுற்றி நின்று எழுதுவார்கள். என்னால் ஆகாது கண்ணு.

இந்துமதி அதற்குப் பிறகு இரண்டு முறை ஆள் சொல்லி அனுப்பினாள். வெளியூர் போயிருக்கிறேன் என்று ருக்குமணியைச் சொல்லச் சொன்னேன். அவளும் இப்போது என் பக்கம்தான். எங்கள் தெரு, அவர்கள் தெரு, இரண்டு தெருவுக்கும் சொல்லி வைத்துவிட்டேன். யார் வந்து கேட்டாலும், வெந்நீரோ, உப்போ, மூச்சோ, என்ன செய்தாலும், செய்வதற்கு முன்னால் அஞ்சு, செய்த பிறகும் அஞ்சு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அப்படிச் சொன்னால் ஒருத்திக்கும் பரிசு கிடைக்காது, அதனால் ஒருத்தியிடமிருந்தும் பிடுங்கவும் மாட்டார்கள். மலை மேல் இருக்கிற ஒரு தாய்க்கும் அதனால் ஒன்றும் வராது. நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

ஆக்னஸ் மேடம் போன வாரம் வந்தார்கள். உங்கள் பிள்ளைகள் கொண்டுபோன தாள்களையெல்லாம் பார்த்துவிட்டு, "என்னம்மா, ரெண்டு தெருவிலயும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிக்குது?" என்றார்கள். "ஒரே ஊரு, ஒரே தறி, வேற எப்படிங்க வலிக்கும்?" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். பார்க்கட்டும். பார்ப்பதை எழுத முடியாதே.

சரி, இப்போது பேனாவைத் திற. நீ என்ன கட்டப் போகிறாயோ, எதைத் தேய்க்கப் போகிறாயோ, தாராளமாகச் செய்துகொள். உன் ஆசையைக் கெடுக்க மாட்டேன். ஆனால் இன்றைக்கு அஞ்சு என்று எழுதிக்கோ. கடைசி நாளுக்கும் இப்போதே அஞ்சு என்று எழுதி வைத்துக்கோ, உனக்கும் ஒரு நடை மிச்சம்.

எழுதியாயிற்றா? காட்டு. ம்.

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பொங்கிவிடும், நான் போக வேண்டும். இல்லை, கை கொடுக்க வேண்டாம், கிட்டே வராதே. ஜன்னல் கம்பியைப் பிடித்து நானே எழுந்துகொள்வேன், கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். நீ மட்டும் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொள் கண்ணு. நான் எழுந்திருக்கிறதை நீ பார்க்கக் கூடாது.